வாடகை வீட்டில் எலி: மருந்துக்கு முன் அடைப்பு

வேலைக்கும் படிப்புக்குமாகப் பெங்களூரு வருபவர்களில் பலருக்குத் தனி வீடு வாய்ப்பதில்லை. பி.டி.எம். லேஅவுட், எச்.எஸ்.ஆர். லேஅவுட், மாரத்தஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் இரு படுக்கையறை வீடுகளும், பி.ஜி. என்று அழைக்கப்படும் தங்கும் விடுதிகளுமே அவர்களுக்கு இருப்பிடம். இத்தகைய வீட்டில் எலி புகுந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தால், எலியோடு சேர்ந்து வேறு கேள்விகளும் எழுகின்றன. சமையலறை எல்லோருக்கும் பொது. அதைத் துடைத்து வைப்பது யார் வேலை என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. சுவரிலுள்ள ஓட்டை வீட்டுக்காரருடையது. அதன் வழியே வரும் எலி கொறிப்பது குடியிருப்போரின் அரிசியை.

இந்தக் குழப்பத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது கடைக்குப் போய் எலி மருந்து வாங்குவதுதான். வரிசையில் கடைசியாக யோசிக்க வேண்டியது அது. வழியை அடைப்பதும் உணவை மூடி வைப்பதுமே எலியை நிலையாக விலக்கும். பொறி அதற்குத் துணை நிற்கும். பலர் ஒரே கூரையின்கீழ் உறங்கும் வீட்டில் விஷம் எலியைவிடப் பெரிய ஆபத்தாகிவிடக்கூடும்.

எலியை மனத்தில் வைத்துக் கட்டிய ஊர்

பெங்களூருவின் நகரமைப்பில் எலிக்கும் பங்கு உண்டு. 1898 ஆகஸ்டில் ரயில் வழியாக ஊருக்குள் வந்த பிளேக், நெரிசல் மிகுந்த பேட்டையிலும் கன்டோன்மென்ட்டிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அகன்ற தெருக்களும் வீடுகளுக்குப் பின்புறம் துப்புரவுச் சந்துகளும் கொண்ட பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய புதிய குடியிருப்புகள் அந்த நெருக்கடியில்தான் வேகம் பெற்றன. மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே இந்நோயைக் கடத்துகிறது என்பதை பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898-இல்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த அறிவு கட்டடக் கலைக்குள் வந்தது. தமிழர் பெருமளவில் வாழ்ந்த கன்டோன்மென்ட் பகுதியில் 1910 வாக்கில் உருவான ஃபிரேசர் டவுன், எலி குடியேற இடம் கொடாத, காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள் என்ற நோக்கத்தோடு திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பங்கு வகித்த பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பெங்களூருவில் பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். எலி உள்ளே வந்தபின் கொல்வதைவிட வர முடியாதபடி கட்டுவதே மேல் என்று அந்தத் தலைமுறை முடிவு செய்தது. நூறாண்டு கழித்தும், அவசரமாக எழுப்பப்பட்டு அறை அறையாக வாடகைக்கு விடப்படும் கட்டடங்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்துகிறது.

ஐயத்தை உறுதிப்படுத்துதல்

இரவில் பரணில் கேட்கும் சலசலப்பு மட்டும் சான்றாகாது. பகலில் தேடினால் கிடைக்கும் தடயங்களில் முதன்மையானது புழுக்கை. சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், அரிசியைவிடச் சிறிதாக, முனை கூர்ந்து கறுப்பாக இருக்கும். ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு ஐம்பதுக்கு மேல் புழுக்கை இடும் என்பதால், ஓர் எலியே இருந்தாலும் தடயம் நிறையவே கிடைக்கும். புழுக்கை 12 மி.மீ. அளவில் இருந்தால் வந்திருப்பது வீட்டெலி. அதைவிடப் பருத்து முனை மழுங்கியிருந்தால் சாக்கடை எலி. பல்லியின் எச்சத்தில் ஒரு முனை வெள்ளையாக இருக்கும். கரப்பானுடையது மிளகுத் தூள்போல் மிகச் சிறியது. இவற்றைப் பார்த்து எலி என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுப்பு மேடைக்கு அடியில், சிங்க் அலமாரியின் மூலையில், ஃபிரிட்ஜின் பின்புறம், எரிவாயு உருளை வைக்கும் இடம், பரண், வாஷிங் மெஷின் நிற்கும் யூட்டிலிட்டி ஆகிய இடங்களை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூலை கொறிக்கப்பட்ட ராகி மாவுப் பொட்டலம், பல் பதிந்த சோப்பு, கந்தலான அட்டைப்பெட்டி, சுவரோரம் படிந்த எண்ணெய்க் கறை, மூடிய அலமாரியைத் திறந்ததும் அடிக்கும் மூத்திர நெடி ஆகியவையும் சான்றுகளே. புழுக்கை பளபளப்பாக மென்மையாக இருந்தால் புதிது. வெளிறி, அழுத்தினால் பொடியாகும் நிலையில் இருந்தால் பழையது. முந்தைய குடித்தனக்காரர் காலத்து எச்சத்தைப் பார்த்துப் பதறுவோரும் உண்டு. இருப்பதையெல்லாம் ஒருமுறை முறையாகத் துடைத்துவிட்டு, இரவில் சுவரோரமாக மெல்லிய மாவுப் படலம் தூவி வைத்தால் காலையில் விடை கிடைத்துவிடும். காலடித் தடம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை.

வந்திருப்பது யார்

வீட்டுக்குள் நிலையாகக் குடியேறுவது பெரும்பாலும் சுண்டெலி. எடை 12 முதல் 20 கிராம்; தன் கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள்ளேயே நடமாடும்; நாளுக்கு மூன்று நான்கு கிராம் தீனி போதும். தண்ணீர் தேடி அலைய வேண்டிய தேவையும் அதற்குக் குறைவு. வீட்டெலி பெரியது, குழாயும் கேபிளும் பற்றி ஏறி மாடிகளுக்கு வரும். சாக்கடை எலியும் பெருச்சாளியும் தரைத்தளத்தையும் வடிகாலையும் சார்ந்தவை. ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாயின் ஓரமுள்ள வீடுகளில் மழைக்காலத்தில் இவற்றின் நடமாட்டம் கூடும்.

மூஞ்சூறு தோற்றத்தில் எலியைப் போலிருந்தாலும் கொறிக்கும் இனம் அன்று. நீண்ட மூக்கும் கீச்சிடும் குரலும் கடுமையான நெடியும் அதன் அடையாளம். அது தேடி வருவது கரப்பானையும் பூச்சிகளையும். அரிசி மூட்டையை அது தொடாது. ஆகவே மூஞ்சூறு வந்தால் அங்கே கரப்பான் மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். கதவடி இடைவெளியை அடைத்துப் பூச்சியைக் குறைத்தால் அது தானே விலகிவிடும். ஆனாலும் வெறுங்கையால் தொடக்கூடாது: 1964-இல் வேலூரில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து ஹான்டா வகை வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது, அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர்.

சுண்டெலி என்று தெரிந்தபின் தள்ளிப்போடுவது நல்லதன்று. அதன் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அக்குட்டிகள் ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கடுங்குளிரோ கடும் வெயிலோ இல்லாத பெங்களூருவில், வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் அது ஈனும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திரும்பும்போது ஒரு குடும்பமே பெருகியிருக்கும்.

வழியை அடைத்தல்

6 மி.மீ. இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் அளவு, சுண்டெலிக்குப் போதும். வாடகை வீடுகளில் அத்தகைய இடைவெளிகள் சில குறிப்பிட்ட இடங்களிலேயே அமைகின்றன: சிங்க்கின் கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏ.சி. குழாய்த் துளை, இன்டர்நெட் கேபிளுக்காகத் துளையிட்டுவிட்டு மூடாமல் போன ஓட்டை, எரிவாயுக் குழாய் வரும் வழி, குளியலறைக் கழிவுத் துளை, எக்ஸாஸ்ட் விசிறியின் சட்டம், வாசற்கதவின் அடிப்பகுதி. இருட்டில் அறைக்குள் நின்று, வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடித்தால் கதவடியிலும் ஜன்னலிலும் உள்ள இடைவெளிகள் பளிச்சென்று தெரியும்.

காகிதமும் துணியும் மெல்லிய மரச்சட்டமும் எலியைத் தடுக்காது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறித்துத் தேய்ப்பது அதற்கு இயல்பு. நுரையாகப் பீய்ச்சி அடைக்கும் பொருளையும் அது துளைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளையில் இறுக்கித் திணித்து, மேலே சிமென்டோ எம்-சீலோ பூசுவதே நிற்கும். கம்பி நார் தண்ணீர் படும் இடத்தில் துருப்பிடிக்கும் என்பதால் அங்கெல்லாம் துருப்பிடிக்காத எஃகு நார் வேண்டும். கழிவுத் துளைக்கு இரும்பு அல்லது எஃகு ஜாலி, காற்றுத் துவாரங்களுக்கு 6 மி.மீ.க்கும் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை, கதவடிக்கு அலுமினியப் பட்டையோடு கூடிய தடுப்பு ஆகியவற்றை எந்த ஹார்டுவேர் கடையிலும் வாங்கலாம். எரிவாயுக் குழாயையோ மின்கம்பிப் பாதையையோ ஒட்டிய இடத்தை அந்தந்த வேலையாளைக் கொண்டே அடைக்க வேண்டும்.

உள்ளே எலி இருக்கும்போதே எல்லாத் துளையையும் மூடினால் அது உள்ளேயே அடைபடும். ஆகவே அடைப்பும் பொறியும் ஒரே வாரத்தில் சேர்ந்து நடக்க வேண்டும்.

உணவை எட்டாமல் வைத்தல்

அரிசி, பருப்பு, மாவு, பிஸ்கட், நாய்த்தீனி எல்லாமே மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவுக்கோ கண்ணாடி ஜாடிக்கோ போக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்பை எலி கரம்பிவிடும். ஒவ்வொருவரும் தனித்தனி அலமாரித் தட்டு வைத்துக்கொள்ளும் வீட்டில், ஒருவருடைய திறந்த நூடுல்ஸ் பொட்டலம் மற்ற மூவரின் உழைப்பையும் வீணாக்கிவிடும். படுக்கையறையில் சாப்பிட்டுவிட்டு வைக்கும் பார்சல் டப்பாக்களும், ஆன்லைன் பொருள்கள் வந்த அட்டைப்பெட்டிக் குவியலும் எலிக்கு முறையே தீனியும் கூடும் ஆகின்றன.

குப்பை விஷயத்தில் பெங்களூருவின் நடைமுறையே உதவுகிறது. ஈரக்குப்பை, உலர்குப்பை, சுகாதாரக் கழிவு என்று பிரித்து, காலையில் வரும் ஆட்டோவில் கொடுப்பது விதி. ஆட்டோ வரும் நேரத்தில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீடுகளில்தான் ஈரக்குப்பை நாட்கணக்கில் யூட்டிலிட்டியில் தேங்குகிறது. மூடியுள்ள வாளியும், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் பெயர் எழுதிய தாளும் இதைத் தீர்க்கும். இரவில் எச்சில் பாத்திரம் சிங்க்கில் கிடக்காமல், அடுப்பு மேடை துடைக்கப்பட்டு, நாயின் தட்டு எடுக்கப்பட்டிருந்தால் பொறியில் வைக்கும் இரைக்குத்தான் எலி வரும்.

பொறி வைத்தல்

எலிக்கூண்டு, விசைப்பொறி இரண்டுமே பயன் தருபவை. சுண்டெலி சுவரை உரசிக்கொண்டே ஓடும். எனவே விசைப்பொறியின் இரை வைத்த முனை சுவரைப் பார்க்க, சுவருக்குக் குறுக்காக வைக்க வேண்டும். தடயம் கண்ட இடங்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பல பொறிகளை முதல் இரவிலேயே வைப்பது, ஒன்றை வைத்து ஒரு மாதம் காத்திருப்பதைவிட மேல். சுட்ட தேங்காய், கருவாடு, மசால் வடைத் துண்டு, வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவை நல்ல இரை. எலி கவ்விக்கொண்டு ஓடிவிடாதபடி சிறிதளவு வைத்து நூலால் கட்டலாம். சுண்டெலி புதுப் பொருளை ஆர்வத்தோடு முகர்ந்து பார்க்கும். வீட்டெலியும் சாக்கடை எலியும் புதியதைக் கண்டு சில நாள் ஒதுங்கும். அவற்றுக்குப் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு சில இரவு வைத்துப் பழக்கிய பின் ஏற்ற வேண்டும்.

கூண்டைத் தினமும் காலையில் பார்ப்பது அவசியம்; அகப்பட்ட உயிரை வெயிலில் வாட விடுவது கொடுமை. பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி பல மணி நேரம் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும்கூட அதில் மாட்டும். அதனால்தான் இந்திய விலங்கு நல வாரியம் அதைத் தடை செய்யும்படி மாநிலங்களை அறிவுறுத்தியிருக்கிறது. கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாக விற்கப்படும் மின்கருவிகளை நம்பிப் பயனில்லை. நிரூபணமற்ற விளம்பரத்துக்காக அமெரிக்க வணிக ஆணையம் அவற்றின் தயாரிப்பாளர்களை 2001-லேயே எச்சரித்தது.

விஷம் ஏன் கடைசி

2024 ஆகஸ்ட் 18 இரவு, பெங்களூருவின் ஞானபாரதி பகுதியில் நர்சிங் மாணவர்கள் தங்கிய விடுதி ஒன்றில் எலியை ஒழிக்க மருந்து தெளிக்கப்பட்டது. அதன் நெடியில் மூச்சுத்திணறி 19 மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். சிலருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடி பரவிய அறையில் உறங்கிய இரு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2022 ஆகஸ்டில் பெங்களூரு வசந்த நகரின் வாடகை வீடொன்றில் பூச்சி மருந்து அடித்திருந்த நிலையில், ஊரிலிருந்து திரும்பிய குடும்பத்தின் எட்டு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். மூன்று இடங்களிலும் மருந்து வைத்தது தீங்கு எண்ணி அல்ல. மூடிய அறையில் மனிதரும் அதையேதான் சுவாசிக்கிறார்கள் என்பது கணக்கில் வராமல் போனது.

மருந்துகளும் ஒரே வகையல்ல. புரோமாடியோலோன் கட்டி எலியின் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாளில் கொல்லும்; செத்த எலி சுவரிடுக்கில் கிடந்து நாறும்; அதைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் விஷம் ஏறும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிக்கக்கூடியது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் நச்சு வாயுவை வெளியிடும். கிடங்குகளுக்கான அந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. மனிதர் குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

அடைப்பும் பொறியும் போதாத நிலையில் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைக்கலாம். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்கீழ் அந்நிறுவனத்துக்கு உரிமம் இருக்க வேண்டும். என்ன மருந்து, எங்கே, எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது குடியிருப்போரின் உரிமை. இரை மருந்தானாலும் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும். வீட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவருக்கும், முன்கூட்டியே தகவல் போக வேண்டும்.

யாராவது மருந்தை விழுங்கிவிட்டாலோ நெடியில் மயங்கினாலோ காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைத்து, மருந்தின் உறையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. முதல் நாளில் உடல் தெளிவாக இருப்பது தேறியதற்கு அடையாளமாகாது. தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

துப்புரவும் உடல்நலமும்

எலியின் மூத்திரத்திலும் எச்சத்திலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், ஈரத்தில் கலந்த மூத்திரத்திலிருந்து தோலின் கீறல் வழியாகப் புகும். சால்மோனெல்லா உணவு வழியாக வரும். சுண்டெலி மூத்திரத்திலுள்ள புரதம் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். எனவே புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் துடைத்தெடுத்துக் கட்டி எறிய வேண்டும். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு உண்டாகும். எலி வாய் வைத்த உணவை முழுதாக அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை ஆகியவை தோன்றினால், வீட்டில் எலி இருந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் நோயறிதலை விரைவாக்கும். கொறிபட்ட ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் கம்பியை மின்பணியாளர் பார்க்கும்வரை மின் இணைப்பைத் துண்டித்து வைப்பது நல்லது.

குடியிருப்போரும் வீட்டுக்காரரும்

பகிர்ந்த வீட்டில் எலி வந்ததும் பழி ஒருவர்மேல் விழுவது வழக்கம். பக்கத்து மனையில் பள்ளம் தோண்டினாலும், கீழ்த்தளத்து உணவகம் குப்பையைத் திறந்து வைத்தாலும் எலி மேலே வரும். காரணம் தேடிச் சண்டையிடுவதைவிட, தடயம் கண்ட நாளையும் இடத்தையும் பொதுக் குழுவில் படத்தோடு பதிவதும், பொறிக்கும் அடைப்புக்கும் ஆகும் செலவைச் சமமாகப் பகிர்வதும் பயன் தரும். அப்பார்ட்மென்ட்டானால் சங்கத்திடம் சொல்லி, குழாய்கள் ஏறும் டக்டுகளையும் குப்பை சேரும் இடத்தையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். ஒரு வீட்டை மட்டும் அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சில வாரத்தில் திரும்பும்.

சுவர், வெளிக் குழாய், கதவுச் சட்டம் போன்றவற்றின் பழுது பொதுவாக உரிமையாளர் பொறுப்பு; அன்றாடத் துப்புரவு குடியிருப்போர் பொறுப்பு. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமும் கட்டமைப்புப் பழுதை உரிமையாளர் பக்கமும், வடிகால் சுத்தத்தைக் குடியிருப்போர் பக்கமும் வைக்கிறது. ஆனால் மாநிலம் சட்டமாக்கினால்தான் அது செல்லும். நடப்பிலுள்ள சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 108-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக்குப் பிறகும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். அந்தக் கடமை வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் படிக்க வேண்டும். பேச்சோடு நிறுத்தாமல் படங்களுடன் எழுத்தில் தெரிவிப்பது, காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வராமலும் காக்கும். புதிதாக வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சிங்க் அலமாரியையும் பரணையும் திறந்து பார்த்து, துளைகளை அடைத்துத் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

பி.ஜி. விடுதிகளுக்கு நிலைமை வேறு. 2024-இல் பெங்களூரு மாநகராட்சி வெளியிட்ட நெறிமுறைகள் தங்குவோர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 70 சதுர அடி இடம், சுகாதாரமான சமையலறை, உணவுப் பாதுகாப்பு உரிமம், குப்பை பிரிப்பு ஆகியவற்றை நடத்துபவரின் கடமையாக்குகின்றன. சமையலறையில் எலி இருந்தும் கவனிக்கப்படாவிட்டால் 1533 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அடைப்பு முடிந்தபின் தொடர்ந்து இரு வாரம் புதுப் புழுக்கையும் மாவில் தடமும் தென்படாவிட்டால் வீடு எலியிலிருந்து விடுபட்டதாகக் கொள்ளலாம். அதன் பிறகும் மாதம் ஒருமுறை சிங்க்கின் கீழும் கதவடியிலும் பார்ப்பதும், கேபிள் இழுக்கவோ குழாய் மாற்றவோ ஆள் வந்துபோன அன்றே புதுத் துளை இருக்கிறதா என்று சோதித்து அடைப்பதும் போதுமானது. புதிதாகக் குடிவரும் ஒவ்வொருவருக்கும் அந்த முறையைச் சாவியோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.